இடப்பக்கக் கன்னம்

திருமணமாகி நான் திருகோணமலைக்கு வந்தபோது ஆங்கிலேயக் கடற்படைக்காரர் போய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அவர்கள் இருந்த காலத்தில் என் கணவரின் ஸ்ரூடியோவில் மூச்சு விட நேரமில்லாத வேலையாம். வெள்ளைச் சீருடையோடு வந்து, ஊரிலுள்ள தாய்க்கும் காதலிக்கும் அனுப்பவென்று படம் எடுத்துக்கொண்டு போவார்களாம். அவர்கள் போனபின் பெண் பேசக் கொடுக்கிற படங்களும் கல்யாணப் படங்களும்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

ஸ்ரூடியோ துறைமுகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. முன்னறையில் கமரா, திரை, வருகிறவர்கள் இருக்க நாலு கதிரை. அதன் பக்கத்தில் படம் கழுவுகிற இருட்டறை. முன்பு அது சாமான் அறையாக இருந்தது. ஜன்னலுக்குப் பலகை அடித்துக் கறுப்பு மை பூசியிருந்தார்கள். அதற்கு ஒரே ஒரு கதவு. அது முன்னறைக்குள்தான் திறக்கும். நாங்கள் குடியிருந்தது பின்பக்கம்.

நான் அந்த அறைக்குள் போனதற்கு என் கணவரின் கைகள்தான் காரணம். படம் கழுவும் மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து நீர் வடிந்தது. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். அந்த மருந்தில் இனிக் கை வைக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். எனக்கோ அது ஒன்றும் செய்யவில்லை.

"ஒரு மாதத்துக்கு நீர் பாரும். கை ஆறினாப்போல நான் பாக்கிறன்" என்றார்.

கை ஆறியது. மருந்தைத் தொட்டதும் திரும்பவும் வெடித்தது. நான் பதினேழு வருடம் அந்த அறைக்குள் இருந்தேன்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, உலையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போவேன். விசிறி போட ஏலாது, தூசி கிளம்பிப் படத்தில் ஒட்டிவிடும். சித்திரை, வைகாசியில் சட்டை முதுகோடு ஒட்டி, காய்ந்து, திரும்பவும் ஒட்டும். மங்கலான சிவப்பு விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். கப்பல் ஊதுவது கேட்கும். எந்தக் கப்பல் என்று தெரியாது. கடலுக்கு அவ்வளவு கிட்ட இருந்துகொண்டு, மாதக் கணக்கில் நான் கடலைப் பார்த்ததில்லை.

அறையின் வெக்கையைவிடக் கதவுதான் எனக்குப் பெரிய வில்லங்கம். முன்னறையில் ஆட்கள் இருக்கும்போது நான் வெளியே வரக்கூடாது. மருந்துக் கறை பட்ட சேலையோடு பெண்சாதி வந்து நின்றால் ஸ்ரூடியோவின் மதிப்புக் கெட்டுவிடும் என்பது அவருடைய எண்ணம். படத்தை அவர்தான் கழுவுகிறார் என்று எல்லாரும் நம்பினார்கள், அவர் அதை மறுத்துச் சொன்னதுமில்லை. வந்தவர்கள் கதைத்துக்கொண்டே இருப்பார்கள். வேலை முடிந்த பிறகும் முக்காலியில் குந்திக்கொண்டு, அவர்கள் எப்போது எழும்புவார்கள் என்று காது கொடுத்தபடி இருப்பேன். தண்ணீர் விடாய்க்கும். மற்ற அவசரங்களும் வரும். இருமல் வந்தால் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொள்வேன்.

எங்கள் ஸ்ரூடியோவுக்குப் பெயர் வாங்கித் தந்தது ஓரம் கருக்கின படம். முகம் மட்டும் வெளிச்சத்தில் இருக்கும். அதைச் சுற்றி மெல்ல மெல்லக் கருமை ஏறி, மூலைகளில் முழு இருட்டாகிவிடும். ஒரு மட்டையில் முட்டை வடிவத்தில் ஓட்டை வெட்டினால் ஓட்டையும் வேண்டும், வெட்டி எடுத்த துண்டும் வேண்டும். துண்டை ஒரு கம்பியில் குத்தி, படம் விழும் தாளின் மேல் முகத்துக்கு நேரே பிடித்து ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். முகத்தில் ஒளி விழாது, ஓரங்களில் கூடுதலாக விழும். ஒளி கூட விழுந்த இடம் கறுக்கும். கையை ஆட்டாமல் பிடித்தால் கத்தியால் வெட்டினதுபோல் கோடு விழுந்துவிடும். ஆட்டம் சரியாக வந்தால் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. எனக்கு அந்த ஆட்டம் வெகு விரைவில் கைக்கு வந்துவிட்டது. "உங்கட கை ராசி, தம்பி" என்று ஆட்கள் அவரைப் புகழ்வது கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கும். அவர் சிரிப்பார்.

ஒருநாள் முற்பகல் இரண்டு பெண்கள் வந்தார்கள். மூதூரில் இருந்து குடாவைக் கடக்கிற மோட்டார் லோஞ்சில் வந்திருந்தார்கள். ஊர் கட்டைபறிச்சான். வயதான குரல் ஒன்று மட்டும்தான் கேட்டது.

"தம்பி, பிள்ளையின்ர இந்தப் பக்கம் விழாமல் எடுக்கவேணும்."

"அதுக்கென்ன அம்மா. மற்றப் பக்கத்தால எடுப்பம். மிச்சத்தை உள்ளுக்குப் பாக்கிறன்."

"உள்ளுக்கெண்டால்?"

"கருக்கி விடுவன். ஒருத்தருக்கும் விளங்காது. வடிவாயும் இருக்கும்."

பிறகு அவர் கமராவுக்குப் பின்னால் நின்று சொல்லுகிற வழக்கமான சொற்கள். இஞ்சால திரும்புங்கோ, நாடியைப் பதியுங்கோ, ஆடாதேங்கோ. அந்தப் பிள்ளையின் குரலை நான் ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

அவர்கள் போனபின் நெகட்டிவைக் கொண்டுவந்து தந்தார். மூன்று எடுத்திருந்தார். "ரெண்டில கண் மூடுப்பட்டுப் போச்சு. கடைசியில சரியா வந்தது, ஆனால் அந்த நேரம் பாத்து அவள் முகத்தை நேர திருப்பிப்போட்டாள். இடப்பக்கக் கன்னத்தில வெள்ளை இருக்கு. அதைப் போக்காட்டும். கலியாணத்துக்குக் குடுக்கிற படம்."

நெகட்டிவில் எல்லாம் மாறி இருக்கும். அவளுடைய முகம் வெளிறியும், கன்னத்தில் அந்த இடம் மட்டும் கறுப்பாகவும் தெரிந்தது. வழமைபோல் முதலில் ஒன்றும் மறைக்காமல் ஒரு பிரதி போட்டேன். மருந்துத் தட்டில் முகம் மெல்ல மேலே வந்தது. இருபது வயது இருக்கும். கண் கமராவை நேரே பார்த்தது. கன்னத்தில், காதுக்குக் கீழே ஒரு வெண்திட்டு, புளியிலை ஒன்றிரண்டு சேர்த்து வைத்த அளவு. அவள் தற்செயலாகத் திரும்பவில்லை என்று எனக்குப் பார்த்த உடனேயே விளங்கியது. தலை சரியாமல், கழுத்து நிமிர்ந்து, அந்தக் கன்னத்தை விளக்குக்குக் கொடுத்திருந்தாள். மற்றப் பக்கம் திரும்பச் சொன்னபோது திரும்பி, எடுக்கிற நேரம் வேண்டுமென்றே முகத்தை நேரே கொண்டுவந்திருக்கிறாள்.

அதைத் தெரிந்துகொண்டுதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

சுருக்கமோ கண்ணுக்குக் கீழ்க் கருமையோ என்றால் நெகட்டிவில் பென்சிலால் தடவிச் சரிப்படுத்தலாம். வெள்ளையைக் கறுப்பாக்கப் பென்சிலால் முடியாது. ஒரு மட்டையில் கச்சான் கொட்டையளவு சின்ன ஓட்டை குத்தி, அந்த இடத்துக்கு மட்டும் ஒளி விட்டேன். முதலில் கன்னத்தில் ஊத்தை பிடித்ததுபோல் வந்தது. பிறகு ஓட்டையைப் பெருப்பித்து, காது, கழுத்து, தோள் எல்லாவற்றையும் சேர்த்துக் கருக்கினேன். அப்போதும் பொய்யாய்த் தெரிந்தது. மூன்றாம் நாள், இடப்பக்கம் முழுவதையும் பின்திரையின் இருட்டோடு கரைத்து, வலப்பக்க ஓரத்தையும் அளவாகக் கருக்கினேன். வலப்பக்கத்தில் ஜன்னல் ஒன்று இருந்து வெளிச்சம் விழுந்ததுபோல் இருந்தது. அவ்வளவு நல்ல வேலையை அதற்கு முன் நான் செய்ததில்லை. தட்டில் மிதந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை ஒளிக்க ஏலாது.

படம் வாங்க வந்த நாள் உறையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்த வயதான குரல், "தம்பி, நீங்கள் நல்லாயிருப்பியள்" என்றது.

நாலைந்து மாதத்தில் அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுக்க என் கணவரையே கூப்பிட்டார்கள். கமராவைத் தூக்கிக்கொண்டு லோஞ்சில் போய், அடுத்தநாள் பின்னேரம் திரும்பி வந்தார். நான் பிலிமைக் கழுவி, பிரதி போடத் தொடங்கியபின்தான் கேட்டேன்.

"மாப்பிள்ளை ஏன் எல்லாத்திலயும் மற்றப் பக்கம் பாக்கிறார்?"

அவர் கதவடியில் நின்று சொன்னார். "மணவறையில இருத்தினாப்போலதான் அவன் அவளின்ர கன்னத்தைப் பாத்தவன். எழும்பி உள்ளுக்குப் போயிட்டான். தாயும் பின்னால போனவ. அரை மணித்தியாலம் மேளகாரர் சும்மா இருந்தவங்கள். பிறகு வந்து தாலியைக் கட்டினவன்."

"பிள்ளையின்ர தாய் என்ன செய்தவ?"

"எந்தத் தாய்? அண்டைக்குப் படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு வந்தவ மாப்பிள்ளையின்ர தாய். பிள்ளைக்கு மாமி முறை, தகப்பன்ர தங்கச்சி. தாயில்லாத பிள்ளையை வளத்ததும் அவதான்."

நான் அதுவரை அவர்களைத் தாயும் மகளும் என்றே நினைத்திருந்தேன். அந்த மாமியின் மகன் கொழும்பில் கந்தோர் வேலைக்குப் போய் ஏழு வருடமாம். ஊருக்கு வருவது குறைந்துவிட்டதாம். தான் வளர்த்த பிள்ளையைக் கட்டிக்கொடுத்தால் அவன் ஊரோடு ஒட்டுவான் என்று தாய் கணக்குப் போட்டிருக்கிறாள். வெண்திட்டு அவன் கடைசியாக வந்துபோன பிறகு வந்தது. அதை அவனுக்கு யாரும் எழுதவில்லை. எங்கள் படத்தைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சம்மதம் என்று எழுதியிருக்கிறான்.

"அப்ப நாங்கள் செய்தது..." என்று தொடங்கினேன்.

"நாங்கள் கேட்டதைச் செய்தம். பிழையெண்டால் கேட்டவையின்ர பிழை. இதையும் அந்தப் படம் மாதிரிக் கருக்கிவிடும். தாய் சொன்னவ."

கல்யாணப் படங்களிலும் அவளுடைய இடப்பக்கத்தை இருட்டாக்கினேன். மாப்பிள்ளை அந்தப் பக்கத்தில் நின்ற படங்களில் அவருடைய தோளும் சேர்ந்து கறுத்தது. மாப்பிள்ளை நாலாம் நாளே கொழும்புக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அதற்குப்பின் ஏழெட்டு வருடம். எத்தனையோ பெண்களின் மூக்கை, பல்லை, அம்மைத் தழும்பை நான் இருட்டுக்குள் தள்ளியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளையின் கண்கள் நினைவுக்கு வரும். ஆனாலும் செய்தேன். ஏலாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அவர் திட்டியிருக்கமாட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வெடித்த கையோடு தானே மருந்தில் இறங்கியிருப்பார். அதைத் தாங்க என்னால் முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அடையாள அட்டை வந்தபோது ஊரே படம் எடுக்க ஓடியது. கிண்ணியாவில் இருந்தும் நிலாவெளியில் இருந்தும் விடிய வந்து வரிசையில் நின்றார்கள். அட்டைப் படத்துக்கு ஓரம் கருக்கக்கூடாது, முகம் முழுதும் வெளிச்சத்தில் தெரியவேண்டும். நாளுக்கு நூறு முகம் மட்டில் வெறுமனே அடித்துக்கொண்டிருந்தேன். காலையில் உள்ளே போனால் மத்தியானம் கதவடியில் வைத்த சோற்றை எடுக்கும்போதுதான் கதவு திறக்கும்.

அப்படி ஒருநாள் பகலில், தட்டில் எட்டுப் பத்துத் தாள் மிதக்க, புதுத் தாள் பெட்டி திறந்து கிடக்க நான் நிற்கும்போது, முன்னறையில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"அண்ணை, என்னை நினைவிருக்கோ? கட்டைபறிச்சான். உங்களிட்டத்தான் முதல் படம் எடுத்தனான்."

"கனபேர் வருகினம் தங்கச்சி. இருங்கோ கதிரையில. நேர பாருங்கோ."

படம் எடுத்து முடிந்தது. அவள் எழும்பவில்லைப் போலும்.

"அண்டைக்கு என்ர கன்னத்தை மறைச்சது நீங்களே?"

"ஓம். அது எங்கட தொழில். உங்கட மாமிதான் கேட்டவ."

"கோவிக்க வரேல்லை. மறைக்காமல் ஒண்டு அடிச்சுத் தருவியளோ? அண்டைக்கு நான் எப்பிடி இருந்தனான் எண்டு பாக்கவேணும். வீட்டில கிடக்கிற படத்தில எல்லாம் அரை முகம்தான் இருக்கு. அவரும், தான் சம்மதிச்சது படத்தில பாத்த ஆளைத்தான், என்னையில்லை எண்டு மாமிக்கு எழுதுறார்."

"அந்த நெகட்டிவ் இப்ப எங்க கிடக்கோ. இனி எடுக்க ஏலாது, தங்கச்சி."

நெகட்டிவ் என் முழங்கைக்குப் பக்கத்தில், தகரப் பெட்டியில், ஊர் வாரியாக அடுக்கிய உறைகளுக்குள் இருந்தது. அவருக்கும் அது தெரியும். வரிசையில் நின்ற யாரோ நேரமாகுது என்றார்கள். நான் கதவின் கொண்டியில் கை வைத்தேன். திறந்தால் பெட்டித் தாள் எல்லாம் வெளிச்சம் பட்டு வீணாகும், தட்டில் கிடந்தவையும் கறுத்துவிடும். அதையெல்லாம் மூடி வைத்துவிட்டுத் திறக்க ஒரு நிமிடம் போதும். திறந்தால், தான்தான் செய்ததாக இப்போதுதான் சொன்ன மனிதர் அத்தனை பேருக்கு முன்னால் நிற்பார். நான் கொண்டியில் வைத்த கையை எடுக்கவுமில்லை, திறக்கவுமில்லை. அவளுடைய செருப்புச் சத்தம் தெருவுக்கு இறங்கிப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தபோது தட்டில் கிடந்த முகங்கள் அளவுக்கு மீறி ஊறிக் கறுத்துப்போயிருந்தன.

அவற்றை வீசிவிட்டு, உறையைத் தேடி எடுத்து, அவளுடைய படத்தை அடித்தேன். ஒன்றும் மறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து என் கணவர் ஒரு செத்தவீட்டுக்குப் படம் எடுக்கப் போனார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்தால் பார்க்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, அவளுடைய அடையாள அட்டைப் படத்தையும் பழைய படத்தையும் ஓர் உறையில் போட்டுக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன். தனியாக லோஞ்சில் ஏறியது அதுதான் முதல் தரம். கொட்டியாரக் குடாவின் நடுவில் வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. எல்லாரும் கதைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் முழுவழியும் சேலைத் தலைப்பால் கண்ணைப் பொத்தியபடி இருந்தேன். மூதூரில் பஸ் எடுத்து, இறங்கி, விசாரித்துப் போனேன்.

மாமி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஆர் நீங்கள்?" என்றாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"ஸ்ரூடியோவில இருந்து வாறன். பிள்ளையின்ர அட்டைப் படம் கொண்டுவந்தனான்."

குசினிக்குள் இருந்து அவள் வந்தாள். வெள்ளை இப்போது இடப்பக்கக் கன்னம் முழுவதும் பரவி, கழுத்தால் இறங்கி, ஒரு கையிலும் வந்திருந்தது. உறையைப் பிரித்துப் பழைய படத்தை எடுத்தாள். வேலியோரம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று நினைத்து நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இவ்வளவுதானே?" என்றாள். "இவ்வளவு சின்னதே? இதையே மறைச்சது?"

மாமி நெல்லைக் கிளறுவதை நிற்பாட்டிவிட்டாள்.

"மறைச்சது என்ர அவரில்லை" என்றேன். "நான்தான். படமெல்லாம் நான்தான் கழுவுறனான். நீங்கள் வேணுமெண்டு திரும்பினது எனக்கு அண்டைக்கே தெரியும்."

அவள் என்னை அப்போதுதான் நேரே பார்த்தாள். படத்தில் இருந்த அதே பார்வை.

"தெரிஞ்சும் ஏன் அக்கா செய்தனீங்கள்?"

"சொன்னதைச் செய்து பழகிட்டுது."

அவள் படத்தை உறைக்குள் திரும்ப வைத்தாள். உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். தகப்பன் செத்துப்போனதையும், மாமிக்குச் சக்கரை வருத்தம் என்பதையும், தான் போனால் அவவைப் பார்க்க ஆளில்லை என்பதையும் சொன்னாள். கொழும்பில் இருக்கிற கணவர் மாதாமாதம் தாய்க்குக் கடிதம் போடுவாராம். அதில் இவளுடைய பெயர் இருக்காதாம். "மூண்டு மணி லோஞ்சை விட்டால் பிறகு கஷ்டம். வெளிக்கிடுங்கோ" என்று அவள்தான் என்னை எழுப்பி அனுப்பினாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது என் கணவர் முன்னறையில் இருந்தார்.

"ஆரிட்டக் கேட்டுப் போனனீர்?"

"ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை. நெகட்டிவ் இருந்தது, அடிச்சுக் குடுத்தனான். நான்தான் மறைச்சனான் எண்டும் சொன்னனான்."

அவர் சத்தம் போடவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "என்னைப் பொய்யனாக்கிப் போட்டீர்" என்றார். இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இனிமேல் படத்தில் இருக்கிற ஆள் வாயால் சொன்னால்தான் முகத்தில் கை வைப்பேன் என்று நான் சொன்னதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படியான படங்கள் வந்தால் வேறு ஸ்ரூடியோவுக்கு அனுப்பிவிடத் தொடங்கினார். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. மற்றபடி எதுவும் மாறவில்லை. அடுத்தநாள் காலை நூறு முகம் காத்திருந்தது. நான் உள்ளே போனேன்.

கலர்ப் படம் வந்து, பிலிமைக் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கிய பிறகுதான் அந்த அறைக்கு வேலை இல்லாமல் போனது. அவர் ஜன்னல் பலகையைக் கழற்றியபோது, எதிர் வீட்டுச் சுவர்தான் தெரிந்தது.

அவளை அதற்குப்பின் ஒருதரம் கண்டேன். பெரியாஸ்பத்திரியில், மருந்து எடுக்கிற வரிசையில், மாமியை ஒரு நீள மர வாங்கில் இருத்திவிட்டு மருந்துச் சீட்டோடு நின்றாள். மாமியின் ஒரு காலை எடுத்திருந்தார்கள். வெள்ளை இப்போது அவளுடைய முகம் முழுவதும் பரவி, இரண்டு பக்கமும் ஒரே நிறமாகியிருந்தது. என்னைக் கண்டதும் தலையாட்டினாள். நான் கிட்டப் போய், "அவர் வந்தவரோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. காசு அனுப்புறவர்" என்றாள். பிறகு, "மாமியைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ, நான் மருந்தை எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு முன்னால் நகர்ந்தாள்.

நான் மாமிக்குப் பக்கத்தில், வாங்கின் ஓரத்தில் இருந்தேன். மாமி என்னை அடையாளம் காணவில்லை. என் கையைப் பிடித்து, "பிள்ளை, நேரம் என்ன?" என்று கேட்டாள். பத்தரை என்றேன்.